நீர் வற்றவில்லை, இரத்தம் ஓடியது

பிள்ளையின் தலை என் மடியில் கனத்தது. எனக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான். உடம்பு பூனைக்குட்டி மாதிரி லேசாக இருக்கும். தலை மட்டும், நனைந்த பனியன் கட்டைத் தூக்கி வைத்தது போலத் தொடையை அழுத்தும். கால் மரத்துப்போகும். அடுத்த தொடைக்கு மாற்றி வைப்பேன். அதுவும் மரத்துப்போகும். எனக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தலைக்குள் நீர் கோத்திருந்தது. அந்த நாட்களில் ஆண்டவர் எங்களை எப்படி நடத்தினார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் நான் தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்றால் சொல்ல வந்தது மறந்துவிடும். பாஸ்டர் அம்மா, "பேச வரலேன்னா எழுதிக் கொடுங்க பாட்டி, நம்ம சபைப் பத்திரிகையில போடுறோம்" என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மெதுவாக வாசியுங்கள்.

என் பெயர் அன்னபாக்கியம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரரோடு பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்தேன். அவர் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். கம்பெனிக்குப் போக முட்டு வலி விடுவதில்லை. கான்ட்ராக்டர் வீட்டுக்கே கட்டுக் கட்டாகப் பனியன் கொண்டுவந்து போடுவார். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பேன்.

பக்கத்து வீட்டில் செந்திலும் கவிதாவும். இரண்டு பேரும் இந்தக் கொங்குச் சீமைப் பிள்ளைகள். செந்தில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கவிதா ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள். அவர்கள் மகன்தான் மித்ரன். பிரசவம் முடிந்து கொஞ்ச மாதத்திலேயே, தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது என்று கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். கவிதா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். மாலையில் பால் கட்டி, நெஞ்சு நனைந்து திரும்பி வருவாள். பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கும்.

பிசிறு வெட்டும்போது நான் ஜெபிப்பது வழக்கம். சத்தமாக அல்ல. வாய்க்குள்ளேயே. அந்த முணுமுணுப்பில் மித்ரன் தூங்கிவிடுவான். தாலாட்டு எனக்கு வராது. அவனும் கேட்டதில்லை.

பெருமாநல்லூரிலிருந்து செந்திலின் அம்மா அடிக்கடி வருவார்கள். சரசக்கா என்று நான் கூப்பிடுவேன். என் வயசுதான் இருக்கும். ஆனால் குரல் மூன்று தெரு தாண்டும். நான் வாயசைப்பதைப் பார்த்தால் சும்மா போக மாட்டார்கள்.

"ஏனுங்க பாக்கியம்மா, மொனமொனன்னு சொன்னா உங்க சாமிக்குக் கேக்குமுங்களா? எங்க சாமிக்கெல்லாம் மேளம் கொட்டோணும். அப்பத்தான் திரும்பிப் பாக்கும்."

"எங்க ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்க்கா."

"அவருக்குக் கேக்கும். பக்கத்துல இருக்கற எனக்குக் கேக்கலீங்களே. என்னையத் திட்டுறீங்களோ என்னமோ!"

நான் சிரித்து வைப்பேன்.

தலை பெரிதாகிக்கொண்டு வந்தது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியும். இங்கே பிறக்கிற பிள்ளைக்குக் கடையில் தொப்பி வாங்குகிற வழக்கம் குறைவு. பனியனின் கழுத்துக்கும் கை ஓரத்துக்கும் வைத்துத் தைக்கிற ரிப் துணி, வெட்டியது போக மிஞ்சிக் கிடக்கும். அதை ஓவர்லாக்கில் ஒரு ஓட்டு ஓட்டினால் தொப்பி. கவிதாவின் கூட வேலை செய்கிற பெண்கள் ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள், நீலம், கோடு போட்டது என்று ஒரு கூடை நிறையத் தொப்பி. ரிப் துணி இழுத்த இழுப்புக்கு வரும்.

"விட்டா எலுமிச்சம்பழத்துக்குப் பொருந்தும், இழுத்தா எனக்கே பொருந்தும் பாட்டி" என்று செந்தில் சிரிப்பான்.

தலை வளர்ந்தது. தொப்பியும் கூடவே வளர்ந்தது. ஒரு நாளும் அது இறுகவில்லை. பிறந்தபோது போட்ட தொப்பியையே அப்போதும் போட்டுக்கொண்டிருந்தோம். தினமும் அவிழ்த்து மாட்டிய நானும் பார்க்கவில்லை, பெற்றவளும் பார்க்கவில்லை. காது குத்துகிறதுக்குப் பேச்சு எடுத்த சமயம், சரசக்கா பெருமாநல்லூர்ச் சந்தையில் ஒரு தொப்பி வாங்கி வந்தார்கள். நெய்த துணி. ஓரத்தில் லேஸ் வைத்தது. பெரிய பிள்ளை அளவாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அது அவன் தலையில் இறங்கவே இல்லை. உச்சியில் கிண்ணம் கவிழ்த்தது போல நின்றது.

"அப்பனாட்டத் தலைங்க. இவங்கப்பனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்க அவனாசி ரோட்டுல கடை கடையா ஏறி எறங்குனோம்" என்றார்கள் சரசக்கா.

"என்ற தலைக்குள்ள மூளை இருக்குதுங்கம்மா. அதான் பெருசு" என்றான் செந்தில்.

"இருந்தா ஏன்டா ஹெல்மெட்டு இல்லாம போயிப் போலீசுகிட்டத் தலையச் சொறிஞ்சுட்டு நிக்கற?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மித்ரனும் சிரித்தான். அந்தத் தொப்பி கீழே விழுந்தது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவன் ரிப் தொப்பியைக் கழற்றிவிட்டு அளவு நாடாவைத் தலையைச் சுற்றிப் பிடித்தாள். ஒரு தரம் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். அவள் சிரிக்கவில்லை. "உடனே டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாம் எண்ணெய் வைத்து அழுத்துகிற உச்சிக்குழி இருக்கிறதல்லவா, அங்கே எலும்பு இன்னும் மூடியிருக்காது. அந்த வழியாக ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றி நீர் நிற்கிறது என்றார்கள். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே குழந்தைகளுக்கு மூளை நரம்பு பார்க்கிற டாக்டர் ஐயா செந்திலின் தலையையும் நாடா வைத்து அளந்தாராம். "தகப்பனுக்கும் தலை பெருசுதான். அது ஒரு நல்ல சேதி" என்றாராம். ஊரெல்லாம் கேலி செய்த தலை அன்றைக்கு மட்டும் பாராட்டு வாங்கியது.

மற்ற சேதி அவ்வளவு நல்லதாக இல்லை. அன்று திரும்பி வந்து என் வாசல்படியில் உட்கார்ந்து கவிதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீர் மூளைக்கு உள்ளுக்குள்ள இல்லீங்களாமா பாட்டிம்மா. வெளியில, சுத்தி நிக்குதாம். சில கொழந்தைங்களுக்கு இப்படி இருந்து, நடக்கற வயசுல தானாச் சரியாப் போயிருமாம். ஆனா இவனுக்கு வெரசலாப் பெருசாகுதுங்க. அந்த நீர் மூளைய அமுக்குதான்னு பாக்கோணுமாம். அமுக்குச்சுன்னா மூளைக்குப் போற ரத்த ஓட்டம் கொறையுமாம். அந்த ஓட்டத்தைப் பாக்கற ஸ்கேன் எடுக்கோணுங்க."

"கொறைஞ்சிருந்தா என்ன செய்வாங்களாம்?"

அவள் தன் தலையிலிருந்து காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சு என்று விரலால் ஒரு கோடு இழுத்து வயிற்றில் கொண்டுபோய் நிறுத்தினாள். "டியூப்பு வெச்சு நீரை வகுத்துக்கு எறக்குவாங்களாமா. மண்டையத் தொளச்சு." பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று தொடங்கி நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். ஆண்டவரே, அந்த நீரை வற்றப் பண்ணும். கடலையே ஒதுக்கினவர் நீர், ஒரு பச்சைப் பிள்ளையின் தலையில் இருக்கிற நீர் உமக்கு எம்மாத்திரம் என்று கேட்டேன். பிசிறு வெட்டும்போது கேட்டேன். குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது கேட்டேன். சமைக்கும்போது கேட்டேன்.

நீர் வற்றவில்லை. செந்தில் கட்டிங் டேபிளில் துணி அளக்கிற நாடாவைக் கொண்டுவந்து, வேலைக்குப் போகும் முன்னால் அளப்பான். வந்ததும் அளப்பான். கூடியிருக்கிறது என்பான். இல்லை, நீங்கள் பிடிக்கிற விதம் சரியில்லை என்பாள் கவிதா. இரண்டு பேருக்கும் சண்டை வரும். கடைசியில் அவள் நாடாவைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். சரசக்கா தங்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். கேலி பேசுவது நின்றுவிட்டது. வந்தால் பேரனின் காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குரல் இல்லாமல் லைனே வெறிச்சோடிக் கிடந்தது.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டுக் கேட்டு நான் களைத்துப்போனேன். விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்டவர் இருக்கிறார் என்று தெரியும். கேட்கிறதற்குத்தான் தெம்பில்லை. வார்த்தை வரவில்லை. நெஞ்சு துணி பிழிந்து போட்டது போலக் கிடந்தது. அதனால் எதுவும் கேட்காமல் பெயர்களை மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். மித்ரன். கவிதா. செந்தில். சரசக்கா. அப்புறம் லைனில் இருக்கிற ஒவ்வொரு வீடாக. கான்ட்ராக்டர். தண்ணீர் வண்டிக்காரர். எல்லோர் பெயரும் முடிந்தால் மறுபடி மித்ரனிலிருந்து. இதுவும் ஒரு ஜெபமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் பிள்ளை மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் தூங்கினான்.

இரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேனுக்கு அவர்கள் முதல் தடவை போய்விட்டு ஒன்றும் எடுக்க முடியாமல் திரும்பி வந்தார்கள். உச்சியில் ஸ்கேனுக்கு வைக்கிற குளிர்ந்த பசையைத் தடவியதுமே மித்ரன் வீறிட்டிருக்கிறான். பிள்ளை அழுதால் தலைக்குள் ஓடுகிற இரத்தத்தின் வேகம் மாறிவிடுமாம். அழுகைக்கு மாறியதா, நீர் அமுக்கி மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். தூக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றால், அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. இந்த இழுப்போடு தூக்க மருந்து கொடுக்க வேண்டாம், முடிந்தால் தானாகத் தூங்கும்போது எடுப்போம் என்று சொல்லி இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். "ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது, அன்னைக்கும் தெரியலேன்னா வேற முடிவு எடுக்கணும்" என்றாராம் பெரிய டாக்டர்.

கவிதா என்னிடம் வந்து நின்றாள். "நீங்க வரோணும் பாட்டிம்மா. அவன் உங்க மடியிலதான தூங்கறான்."

ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். படித்தவர்கள் முன்னால் நிற்கத் தெரியாது. என்னால் ஆகாது தாயே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்று காலையிலேயே பஸ் ஏறினோம். செந்திலுக்கு ஷிப்மெண்ட், விடுப்புக் கிடைக்கவில்லை. கவிதா, சரசக்கா, நான், பிள்ளை. வழியெல்லாம் அவனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அங்கே போய்த்தான் தூங்க வேண்டுமாம். கண் சொருகும்போதெல்லாம் சரசக்கா அவன் பாதத்தைச் சுரண்டுவார்கள். "தூங்காத சாமி, சித்தெ பொறுத்துக்க, எந்தங்கமல்ல" என்பார்கள். அவன் அழுவான். சரசக்காவும் அழுவார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைக் கொடுமைக்காரிகள் என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. என் கால் இரண்டும் வீங்கிப்போயின.

ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்றாள் வாசலில் நின்ற நர்ஸ்.

"கண்ணு, இவ பெத்தவ. இவங்க மடியிலதான் அவன் தூங்குவான். நான் அப்பத்தா. நீ வேண்ணா வெளிய நின்னுக்க, நாங்க மூணு பேரும் போய்க்கறோம்" என்று சொல்லிக்கொண்டே சரசக்கா நுழைந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே குளிர். மங்கலான வெளிச்சம். ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மடியில் கிடத்தச் சொன்னார். பசையைத் தொட்டதும் மித்ரன் ஆரம்பித்துவிட்டான். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். நெஞ்சு இழுத்தது. முகம் சிவந்துபோனது.

"பாட்டி, நேரம் எடுத்துக்கோங்க. வீட்டுல எப்படித் தூங்க வைப்பீங்களோ அப்படியே செய்ங்க" என்றார் டாக்டரம்மா.

நான் முணுமுணுக்க ஆரம்பித்தேன். ஏசி இரைந்தது. அந்த மிஷினுக்குள் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? அவன் இன்னும் வீறிட்டான்.

"சத்தமாச் சொல்லுங்க பாட்டிம்மா" என்றாள் கவிதா.

என் வாய் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் சபையில், எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபிக்கிற நேரத்தில்கூட உதடு மட்டும் அசைக்கிறவள் நான். எனக்கு வேர்த்தது. ஆண்டவரே, என்னை ஏன் இங்கே கொண்டுவந்து உட்கார்த்தினீர், வேறு ஆள் இல்லையா என்று உள்ளுக்குள் கேட்டேன்.

அப்போது சரசக்கா என் தோளில் கை வைத்தார்கள். கேலி இல்லாத குரலில், "பாக்கியம்மா, உங்க சாமிக்குக் கேக்கும். அவனுக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க" என்றார்கள்.

கண்ணை மூடிக்கொண்டேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை. குரல் வந்தது. முதலில் கரகரவென்று வந்தது.

"ஸ்தோத்திரம் அப்பா. மித்ரனை நெனச்சருளும். எய்யா மித்ரனை நெனச்சருளும். கவிதாவ நெனச்சருளும், அவ தூங்கி நாளாச்சு. செந்திலை நெனச்சருளும். மூணாம் வீட்டு ஒடிசாக்காரப் பையனை நெனச்சருளும், அவன் பேரு என் வாயில நொழையல, உமக்குத் தெரியும். கான்ட்ராக்டரை நெனச்சருளும், அவர் குடியை விடணும் ஆண்டவரே. தண்ணி வண்டிக்கார அண்ணாச்சிய நெனச்சருளும். சரசக்காவ நெனச்சருளும், அவங்க முட்டிவலி தீரணும், அவங்க சத்தம் கொறையக் கூடாது…"

"அட, எம்பேருமிருக்குதுங்களா?"

சரசக்காவுக்கு அது தெரியாது. எத்தனை காலமாக அவர்கள் பெயரை நான் சொல்லி வருகிறேன் என்று தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். "பொட்டாட்ட இருங்க அத்தே, சத்தம் போடாதீங்க" என்று கவிதா கிசுகிசுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

நான் நிறுத்தவில்லை. பெயர்கள் தீர்ந்துவிட்டன. மறுபடி மித்ரனிலிருந்து சொன்னேன். அவன் அழுகை விக்கலாக மாறியது. விக்கல் குறைந்தது. காலையிலிருந்து தூங்காத பிள்ளை. என் சேலையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "இந்த டாக்டரம்மாவை நெனச்சருளும், அவங்க பேரு தெரியாது…" என்றேன்.

"நித்யா, பாட்டி" என்று மெல்லச் சொன்னார் அவர். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"நித்யாவ நெனச்சருளும். அவங்க கண்ணையும் கையையும் ஆசீர்வதியும்."

மித்ரன் தூங்கிவிட்டான். தலை முழுவதும் என் தொடையில் கனத்தது. டாக்டரம்மா அந்தக் கருவியை உச்சிக்குழியில் பூ வைப்பது போல வைத்தார். நான் விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் விழித்துவிடுவானோ என்று பயம்.

திரையில் முதலில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. பிறகு அதற்குள் சிவப்பும் நீலமும் மினுங்கின. இரத்தம் வருகிறதும் போகிறதும் அப்படித் தெரியுமாம். பிறகு மிஷினில் ஒரு சத்தத்தைத் திறந்துவிட்டார். உஸ்… உஸ்… உஸ்… கம்பெனியில் அயர்ன் டேபிளில் நீராவிப் பெட்டி அழுத்துகிற சத்தம் போலவே இருந்தது. ஒரே சீராக இருந்தது. "இது அவன் மூளைக்குப் போற ரத்தம்" என்றார். உச்சியை மெல்ல ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார், நீர் நெருக்கியிருந்தால் சத்தம் மாறுமாம். சத்தம் மாறவில்லை. விட்டார். மறுபடி அமுக்கினார். அதே உஸ்… உஸ்…

நான் பெயர் சொல்வதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கவிதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு விரலால் காட்டினார். "இந்தக் கறுப்பா இருக்கிறது நீர். இது நடுவுல மெல்லிசா ஓடுதே, இதெல்லாம் ரத்தக் குழாய். நீரைக் கடந்து அந்தப் பக்கம் போகுது பாருங்க. நீர் அதை அமுக்கி வைக்கல. முடிவு பெரிய டாக்டர் சொல்வார். ஆனா நான் பார்த்தவரைக்கும் நல்லா இருக்கு."

பெரிய டாக்டரும் அதையே சொன்னார். டியூப் இப்போது வேண்டாம். மாதா மாதம் வந்து தலை அளவு காட்ட வேண்டும். பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தாலோ, மந்தமாகக் கிடந்தாலோ, கண் கீழே சொருகினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும். ஓட்டம் நன்றாக இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் தூங்கிவிட்டோம். சந்தோஷத்தில் அழ வேண்டும், துதிக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு அசதி. நான் கண் திறந்தபோது மித்ரன் மட்டும் விழித்துக்கொண்டு என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

சகோதர சகோதரிகளே, வீட்டுக்கு வந்து பிசிறுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் கேட்டதை ஆண்டவர் செய்யவில்லை. நீர் வற்றவில்லை. திரையில் என் கண்ணாலேயே அதைப் பார்த்தேன். கறுப்பாக அப்படியே நின்றது. ஆனால் அதன் நடுவே இரத்தத்துக்கு வழி இருந்தது. வேதத்தில் கடல் பிளந்ததைப் பாஸ்டர் ஐயா எத்தனையோ தரம் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறேன். ஜனங்கள் நடந்துபோன காய்ந்த தரைதான் என் மனசில் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் அப்படியே நின்றதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் அவர்கள் நடந்திருப்பார்கள். பயந்துகொண்டேதான் நடந்திருப்பார்கள்.

நாங்களும் அப்படித்தான் மாதா மாதம் கோயம்புத்தூருக்கு நடந்தோம். ஒவ்வொரு மாதமும் பயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை வளர்கிற வேகம் குறைந்தது. உட்காரப் பிந்தினான். கனத்த தலையைத் தூக்கி நிறுத்த அந்தக் கழுத்து பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். என்னைப் 'பாக்கி' என்று கூப்பிடுகிறான். தலை இன்னும் பெரிதுதான், அப்பனைப் போல. உச்சிக்குழி மூடிவிட்டது. இனி அந்த வழியாக யாரும் உள்ளே பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய நேரத்தில் ஆண்டவர் பார்க்க வைத்தார். அளந்து பார்த்த நர்ஸையும், பொறுமையாகக் காத்திருந்த டாக்டரம்மாவையும் அவர்தான் அனுப்பினார் என்று விசுவாசிக்கிறேன். அவர்கள் பெயரும் இப்போது என் ஜெபத்தில் இருக்கிறது. பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரிப் தொப்பியை நம்பாதீர்கள். அவ்வப்போது தலையை அளந்து காட்டுங்கள்.

நான் மாறிவிட்டேனா என்றால், கொஞ்சம். முட்டு வலி அப்படியே இருக்கிறது. பிசிறு வெட்டி முடிப்பதற்குள் கண் பூத்துப்போகிறது. ஆனால் களைப்பாக இருந்தால் ஜெபிக்கக் கூடாது, நல்ல வார்த்தை வந்தால்தான் ஜெபிக்க வேண்டும் என்றிருந்தேனே, அது போய்விட்டது. தெம்பே இல்லாமல் வெறும் பெயர்களாகச் சொன்னேனே, ஆண்டவர் அதைத்தான் எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டுத்தான் பிள்ளை தூங்கினான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல அலுத்துப்போயிருந்தால், உங்களைத்தான் கூப்பிடுகிறேன். பெரிய ஜெபம் வேண்டாம். யாருக்காகத் தவிக்கிறீர்களோ அவர்கள் பெயரை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நாளைக்கும் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட மாதிரியே நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நடுவே ஒரு வழி திறப்பார். எனக்குத் திறந்தவருக்கே ஸ்தோத்திரம்.

சரசக்கா தங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பேரனைப் பார்க்க வந்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்பார்கள்.

"ஏனுங்க பாக்கியம்மா, இன்னைக்கு எம்பேரச் சொல்லிப் போட்டீங்களா?"

"சொல்லிட்டேன்க்கா" என்று நானும் உள்ளேயிருந்து சத்தமாகவே சொல்லுவேன்.

அன்னபாக்கியம், மண்ணரை